படத்தில் மிஞ்சிய கை

தாஷ்-புலாக் கிராமம்,
நாரின்.
27 செப்டம்பர் 2009

அனாராவுக்கு,

உன் பழைய மாமியார் எழுதுகிறேன். ரஷ்ய நாட்டில், துமெனில் நீயும் உன் வீட்டில் இருக்கிறவர்களும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே குளிர் எங்களைவிடச் சீக்கிரம் வந்துவிடுமாமே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா? இங்கே நான், உன் மாமனார், உன் கொழுந்தன் எசென்பெக்கின் குடும்பம், ஆடு மாடு எல்லாரும் சுகம்.

கடிதம் என்றால் முதலில் பிள்ளைகளின் சேதிதான். எசென்பெக்கின் மூத்தவன் உலான் நாரினில் நடந்த மல்யுத்தத்தில் மூன்றாவதாக வந்தான். பதினான்கு வயதுதான். காது இரண்டும் நசுங்கி அவித்த கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டன, ஆனாலும் பதக்கம் பதக்கம்தானே, சுவரில் தொங்குகிறது. அடுத்தவள் ஜில்திஸ் ரஷ்ய மொழிக் கட்டுரையில் பள்ளியிலேயே முதல். அவள் அப்பன் எழுதுகிற விண்ணப்பங்களை எல்லாம் அவள்தான் திருத்துகிறாள், திருத்தும்போது திட்டவும் செய்கிறாள். கடைக்குட்டி அதிலெத் சின்னப் பிள்ளைகள் குதிரைப் பந்தயத்தில் இரண்டாவது. முதலில் வந்தது வெறும் குதிரை, அதன்மேல் இருந்த பையன் பாதி வழியிலேயே விழுந்துவிட்டான். அதனால் எங்கள் வீட்டில் அதிலெத்துதான் முதல் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இவர்களெல்லாம் நீ போன பிறகு பிறந்தவர்கள். உனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றே ஒன்று.

பெகிமாய் பதினோராம் வகுப்பு. கணக்கிலும் இயற்பியலிலும் மாவட்டத்திலேயே முதல். அவளைத் தோற்கடித்த பையன் யாரும் இல்லை, தோற்றுப்போய் எங்கள் வேலி ஓரமாகச் சுற்றுகிற பையன்கள் உண்டு. என்னைவிட ஒரு சாண் உயரம். அவளுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரத்தைத் துலக்குவாள். நம் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன.

இவ்வளவு தூரம் வாசித்துக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தாயானால் மேலே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு ஆட்டுப் பட்டிக்குப் போன கை இது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். ஒரே மூச்சில் எழுத முடியாது. வைத்துவிட்டு வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உன் முகவரி கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். யாரிடம் கேட்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது உன் மாமனார் தலையிலிருந்த கல்பாக் தொப்பியைக் கழற்றி, கத்தரிக்கோல் கொண்டு வா என்றார். உள்தையலைப் பிரித்தார். நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். நாலு வருடத்துக்கு முன் ஆட்டுச் சந்தையில் உன் அண்ணனைப் பார்த்தபோது வாங்கி வைத்ததாம். “ஏன் கிழவனாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?” என்றேன். “நீ கேக்கலையே” என்றார். நாலு வருடமாக அந்தத் தொப்பியை நான்தான் தூசி தட்டி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வந்த விஷயம் இதுதான். நவம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, பிஷ்கெக்கில் கல்லூரிச் சந்தை. ஒரு பெரிய விளையாட்டு மண்டபத்தில் ஊர் ஊராகக் கல்லூரிக்காரர்கள் மேசை போட்டு உட்காருவார்களாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மேசை மேசையாகப் போய்ப் பேச வேண்டுமாம். “ஆட்டுச் சந்தை மாதிரி பல்லைப் புடிச்சிப் பாப்பாங்களாடி?” என்று கேட்டேன். “பல்லை இல்லம்மா, காகிதத்தைப் பாப்பாங்க” என்றாள்.

அன்றைக்குச் சிரித்தேன்.

அவளுக்குப் பாதை போடுகிற படிப்பு வேண்டுமாம். மலையைக் குடைந்து, பாலம் கட்டி, அந்த மாதிரி. “பொட்டப்புள்ளைக்கு ரோடு எதுக்குடி?” என்றேன். “தோலோன் கணவாயில வண்டி வழுக்காம போக வேணாமா?” என்றாள். என் மகன் குபாத் உயிரை விட்ட கணவாயின் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். சந்தைக்குப் போகவும் அந்தக் கணவாயைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதுவும் நவம்பரில்.

அல்மாத்தியிலிருந்து வருகிற ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறது. தகப்பனை இழந்த பிள்ளைகள் இரண்டு பேரை அவர்களே தங்க வைத்து, சாப்பாடு போட்டு, முடியும்வரை படிக்க வைக்கிறார்களாம். சந்தையிலேயே காகிதங்களைப் பார்த்து அங்கேயே பெயரை எழுதிக்கொள்வார்களாம். ஐசுலு டீச்சர் வீடு தேடி வந்து சொன்னாள். “இந்தப் புள்ளைக்குன்னே செஞ்சு வச்ச இடம் மாதிரி இருக்கு, மறந்துடாம பிறப்புச் சான்றிதழ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்றாள். நான் தேநீரை அவள் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

அந்தச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

29ஆம் தேதி

நேற்று எழுத முடியவில்லை. சந்தைக்கு ஆயத்தம் நடக்கிறது. எசென்பெக்கின் மனைவி தன் கறுப்பு மேல்கோட்டின் தோளைப் பிரித்து அவளுக்கு அளவாக்கிக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு மூன்று நாளாக ஆணியில் தொங்குகிறது, அதன் பக்கம் போகிற எல்லாரையும் அவள் விரட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குள்ளேயே ஒரு சந்தை போட்டாள். சாப்பாட்டு மேசையைச் சுவர் ஓரமாக இழுத்து, தட்டில் ஆப்பிள் வைத்து, “இது பிஷ்கெக் மேசை, அது அல்மாத்தி மேசை” என்று பிரித்தாள். பிஷ்கெக் மேசைக்கு உன் மாமனார். அவள் கை குலுக்க வந்தால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “என்ன கேக்கணும்?” என்று என்னிடம் கேட்கிறார். ஏன் இந்தக் கல்லூரிக்கு வந்தாய் என்று கேளுங்கள் என்றேன். “ஏம்மா, உங்க வீட்டுல மாடு மேய்க்க ஆள் வேணாமா, எதுக்கு இங்க வந்தே?” என்றார். “அப்பா! இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க” என்று அவள் குதித்தாள். “கேப்பாங்க. நான் கல்லூரி நடத்துனா இதத்தான் மொதல்ல கேப்பேன்” என்றார்.

அல்மாத்தி மேசை எனக்கு. டீச்சர் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு கேள்விகளை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன், அவள் நின்றுகொண்டு பதில் சொன்னாள். ஆறு கேள்வி வரைக்கும் தண்ணீர் மாதிரி ஓடியது. ஏழாவது கேள்வி, உன் குடும்பத்தில் உன் மனதை அதிகம் பாதித்தவர் யார் என்பது. நான் என்னைத்தான் சொல்லப்போகிறாள் என்று தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

“ஒருத்தங்க இருக்காங்க. முகம் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். விரல்ல வெள்ளி மோதிரம் போட்டிருப்பாங்க. எங்க குபாத் அப்பாவோட முழங்கையை இறுக்கிப் புடிச்சிருப்பாங்க, எங்கயோ விழுந்துடப் போறார்னு பயந்த மாதிரி” என்றாள். சொல்லிவிட்டு, “அடுத்த கேள்வி கேளுங்கம்மா” என்றாள்.

எட்டாவது கேள்வியை என்னால் வாசிக்க முடியவில்லை. தெரிந்த எழுத்துகள்தான்.

அந்தப் படம் உங்கள் கல்யாணப் படம். நீ போன அன்றைக்குக் கம்பளி வெட்டுகிற கத்தரிக்கோலால் நான்தான் உன்னை வெட்டி எடுத்தேன். குபாத்தின் முழங்கையை வெட்ட மனம் வரவில்லை, அதனால் உன் கை நின்றுவிட்டது. பதினாறு வருடமாக அது அவனை விடாமல் பிடித்துக்கொண்டு சுவரில் இருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது யார் கை என்று கேட்டாள். படம் எடுத்தவன் கெடுத்துவிட்டான் என்றேன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லி, பெற்றவள் நீதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. படத்தைத் துடைக்கிற வேலையை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

2 அக்டோபர், வெள்ளி

இன்று எண்ணெய் காய வைத்தேன். வெள்ளிதோறும் குபாத்துக்காக ஏழு ரொட்டி பொரிக்கிறேன், ஒரு வாரமும் தவறியதில்லை. செத்தவர்கள் வாசத்தை வாங்கிக்கொள்வார்கள், இரண்டு வார்த்தை ஓதினால் நிறைந்த மனதோடு போய்விடுவார்கள். என் மகன் ஒரு நாளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

வருவது நீதான். உயிரோடு இருக்கிறவள் வீட்டுக்குள் நடமாடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பால் கறக்கிற வேளையில் கொட்டிலில் வாளியைக் காலால் நகர்த்துகிற சத்தம் கேட்கும். நீ அப்படித்தான் நகர்த்துவாய். போய்ப் பார்த்தால் பெகிமாய் நிற்பாள். தலைத்துணியை இடது காதுக்குப் பின்னால் முடிவாள், அது நம் வீட்டு முடிச்சே இல்லை. மாவு பிசையும்போது ஒரு மெட்டு முனகுவாள், முடியாமல் பாதியிலேயே நிற்கிற மெட்டு. நீயும் அந்த இடத்தில்தான் நிறுத்துவாய். அவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் விட்டுப்போனது எப்படி நினைவிருக்கும்? வெளியே துவைத்துப் போட்ட துணியில் இரண்டு ஈர வட்டம் தெரிந்தால் நான் திரும்பி உள்ளே வந்துவிடுவேன். உன் அண்ணன் வண்டியில் நீ ஏறியபோது உன் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருந்தாள், உனக்குப் பால் இறங்கிவிட்டது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

எண்ணெய் வாசத்தால் உன்னை அனுப்ப முடியவில்லை.

முதல் பேரப்பிள்ளையைப் பாட்டி மடியில் போட்டுக்கொண்டு தன் பிள்ளையாக வளர்ப்பது நம்மில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதற்கு நீயும் மறுப்புச் சொல்லவில்லை. மறுக்கிற இடத்தில் உன்னை நான் வைத்திருக்கவும் இல்லை. ஆனால் மடியில் போடுகிறவர்கள் காகிதத்தில் எழுதுவதில்லை. நான் எழுதினேன். அப்போது பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவன் என் சித்தப்பா மகன், இப்போது அவனும் இல்லை. அம்மா பெயர் என்ற இடத்தில் என் பெயர், அப்பா பெயர் என்ற இடத்தில் உன் மாமனார் பெயர். குபாத்தும் சிரித்துக்கொண்டே சரி என்றான், எல்லாம் ஒரே வீடுதானே என்றான். அவன் போய்விடுவான் என்று யாருக்குத் தெரியும்?

வருட நினைவுச் சாப்பாடு முடிந்து வந்தவர்கள் கலைந்த மறுநாள் உன் அண்ணன்மார் வந்தார்கள். வாசலில் நின்று நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய். “நான் பெத்த பிள்ளைம்மா.” நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். “காகிதத்துல யார் பேர் இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வா” என்றேன்.

பிள்ளை மூன்று நாள் வாசல் பக்கமே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். செம்மறிவால் கொழுப்பை வேகவைத்துத் துணியில் முடிந்து வாயில் வைத்தேன். நாலாம் நாள் வாங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

4ஆம் தேதி

காகித விஷயமாக, இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்பே பதிவு ஆபீசுக்குப் போயிருந்தேன். அதை எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுதத் தள்ளிப்போட்டேன்.

அங்கே இருக்கிற பெண் சின்னவள், கண்ணாடி போட்டவள். சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பாட்டி, அம்பத்தி நாலு வயசுல பெத்தீங்களா? பத்திரிகையில போட்டிருக்கணுமே” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆபீசில் நின்றுகொண்டு, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, இவளை நான் பெறவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சரி, நான் எழுதிக் கொடுத்தால் மாற்றுவீர்களா என்றேன். “நீங்க சொன்னா போதாது பாட்டி. நீங்க ஒரு தடவை சொல்லித்தானே இப்படி ஆயிருக்கு” என்றாள். பெற்றவள் சொல்ல வேண்டுமாம். இன்ன தேதியில் இன்ன ஊரில் இந்தப் பிள்ளையை நான் பெற்றேன், தகப்பன் இன்னார் என்று எழுதி, அங்கே உள்ள நோட்டரியிடம் முத்திரை வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பினால் என் எழுத்தையும் அதனோடு சேர்த்துப் புதுச் சான்றிதழ் தருவாளாம்.

வீட்டில் வந்து சொன்னேன். இந்தக் காகிதப்படி பெகிமாய்க்குத் தகப்பன் உயிரோடு, இதோ ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “அப்போ நான் செத்தாத்தான் புள்ளை படிக்கும்னு சொல்லு. பதினாலாம் தேதிக்குள்ளன்னா கொஞ்சம் அவசரம்தான், பாக்கறேன்” என்றார். பெகிமாய் சிரித்தாள். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை. அவர் என்னிடம் மெதுவாக, “நான் அப்பவே அந்தப் பொண்ணு பின்னாடி ஓடியிருக்கணும். காலு நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். அன்றைக்குத்தான் தொப்பியைக் கழற்றினார்.

நீயாக விட்டுப்போனாய் என்றுதான் இத்தனை வருடம் அவளிடம் சொல்லியிருந்தேன். அது பொய் என்று சொல்லிவிட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்து முடித்தாள், துணியால் மூடினாள், இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் துலக்கினாள். சாயங்காலம் எப்போதும் போல, “இந்தாங்கம்மா” என்று தேநீரை நீட்டினாள். கிண்ணத்தை வாங்க என் கை வரவில்லை. அவளே என் கையை எடுத்துக் கிண்ணத்தை அதில் வைத்தாள்.

அனாரா, உனக்கு அங்கே புருஷன் இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். எங்களைப் பற்றி அவர்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் நான் கேட்பது உன் வீட்டில் ஒரு சுவரை இடிப்பதுபோல. தெரிந்துதான் கேட்கிறேன். யாராவது ஏதாவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு. கிழவி பிடுங்கிக்கொண்டாள் என்று சொல். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்போது நீ சொன்னதைத்தான் இப்போது எழுதித் தரச் சொல்கிறேன். நான் பெற்ற பிள்ளை என்று. அதே வார்த்தை. அன்றைக்கு நான் காது கொடுத்திருந்தால் இன்றைக்குக் கேட்க வேண்டியிருக்காது.

அனுப்ப மனமில்லை என்றால் அதையும் புரிந்துகொள்வேன். காகிதம் வந்தாலும் வராவிட்டாலும் அவள் சந்தைக்குப் போகத்தான் போகிறாள். “வரலைன்னா நான் அல்மாத்தி மேசைக்குப் போகமாட்டேன், மத்ததைப் பாத்துட்டு வரேன். பொய்க் காகிதத்தை மட்டும் நீட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். உன் பிடிவாதம். என் பிடிவாதம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுக்கவில்லை.

இன்னொன்று. நீ இந்த வீட்டில் இருந்த இரண்டரை வருடமும் என் பெயரை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. மருமகள் சொல்லக்கூடாது, நீ சொல்லவில்லை. சாம்பல் நிறம் என்று சொன்னால் நம் பேச்சில் என் பெயர் வந்துவிடும் என்று, சாம்பல் குதிரையைக்கூட ‘புகை நிறத்தது’ என்பாய். உன் மரியாதைக்கு அப்போது நான் பெருமைப்பட்டேன். இப்போது அந்தக் காகிதத்தில் நீ என் பெயரை எழுதியாக வேண்டும். இன்னாரின் பெயரை நீக்குங்கள் என்று எழுத வேண்டுமாம். தயங்காதே. நானே சொல்கிறேன், எழுது. கொட்டை எழுத்தில் எழுது. குறுக்கே ஒரு கோடும் போடு.

உறையின் மேல் உன் முகவரியை ரஷ்ய எழுத்தில் எழுதியவள் பெகிமாய். எழுதும்போது உன் பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டாள், முதல் தடவை எழுதிய உறையைத் தூக்கிப் போடாமல் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு கையையும் விரித்து உனக்காகக் கேட்கிறேன். உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் பிள்ளைகள் எல்லாரும், எல்லாரும், உன் கண்ணெதிரே நடமாடட்டும். ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டேன். பெகிமாயும் தடவிக்கொண்டாள்.

சந்தை விண்ணப்பத்துக்காக எடுத்த அவள் படம் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, அந்த முடிச்சு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிராதே, எனக்கே கஷ்டமாக இருந்தது.

உன் படம் ஒன்று தபாலில் போடு. பழையது வேண்டாம், இப்போது எடுத்தது. நரை இருந்தால் இருக்கட்டும். முகம் முழுக்கத் தெரியட்டும், கை இரண்டும் தெரியட்டும். கத்தரிக்கோலை எசென்பெக் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சுவரில் அந்தக் கைக்குப் பக்கத்தில் பெகிமாய் ஏற்கெனவே ஒரு ஆணி அடித்துவிட்டாள். வெறும் ஆணியாக நிற்கிறது. பதினாலாம் தேதிக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி போடு, அவள் கணவாய் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
புருல்